ராயபுரம் கிடங்கில் ஒரு கோம்பை

ஒரு நாய்க்குச் சாட்சி சொல்லக் கடல் தாண்டிப் போனவன் பினாங்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று என் மனைவி கேட்டுக்கொண்டாள். ‘அவங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போறார்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். அக்காவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மனசுதான் சரியில்லை.

என் அக்கா கிரேஸ் சென்னை ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அத்தான் ஜெயராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வற்றல் மிளகாய், மல்லி, புளி மொத்த வியாபாரம். கீழே கிடங்கு, மேலே வீடு. பிள்ளைகள் கிடையாது. கிடங்குக் காவலுக்கு சாம்சன் என்று ஒரு நாய். காவல் என்பது அத்தானின் கணக்கு. அக்காவுக்கு அதுதான் பிள்ளை. அந்த நாயைத் தெருவை விட்டு அனுப்பச் சொல்லி எல்லோரும் நெருக்குகிறார்கள் என்று போனில் அழுதாள். “பிட்புல்லு, பிட்புல்லுங்கிறாங்க தம்பி. அது பிட்புல் இல்லைன்னு நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. வெளிநாட்டுல இருந்து வந்து சொன்னா கேப்பாங்க.”

எனக்கு நாய் விஷயம் தெரியும் என்பது உண்மைதான். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். நாய்க் கண்காட்சிகளில் நடுவராகப் போகிறவன். நாயின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பதிலும், முதுகைத் தடவி எலும்பை எண்ணுவதிலும் எனக்குக் கிடைக்கும் சந்தோஷம் பேரப்பிள்ளைகளிடம்கூடக் கிடைப்பதில்லை. யாராவது ஒரு நாயின் இனத்தைத் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் நகரமாட்டேன். இதனால் சில கல்யாண வீடுகளில் என் பக்கத்தில் உட்காரவே ஆட்கள் யோசிப்பார்கள்.

முதல் நாள் பாதி ஆட்டோவில் கழிந்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்க, எங்கள் ஆட்டோ இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. பினாங்கும் துறைமுக ஊர்தான். ஆனால் அங்கே பழைய கிடங்குகளுக்கெல்லாம் சாயம் பூசிக் காப்பிக்கடை ஆக்கிவிட்டோம். இங்கே கிடங்கு இன்னும் கிடங்காகவே இருக்கிறது. டீசல், கருவாடு, மிளகாய் நெடி எல்லாம் சேர்ந்து மூக்குக்குள் ஏற, நான் தும்ம ஆரம்பித்தேன்.

“எங்க சார் போவணும், கரீட்டா சொல்லு” என்றார் ஆட்டோக்காரர். அத்தானின் பெயரையும் கடைப் பெயரையும் சொன்னேன். தெரியவில்லை. மிளகாய்க் கிடங்கு என்றேன்.

“அட, பிட்புல் கிடங்கா! அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா நைனா? சின்னக் கொயந்தகூட வயி காட்டும்.”

இறங்கியதும் கேட்டில் தொங்கிய பலகையைப் பார்த்தேன். ‘பிட்புல் உள்ளது. ஜாக்கிரதை.’ கீழே ஒரு நாய்ப் படம். வரைந்தவர் முதலையைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும், அவ்வளவு பல். ஊர்க்காரர்கள் யாரோ பொல்லாத்தனமாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக் கோபமாக உள்ளே போனேன்.

“யார் அத்தான் அந்தப் போர்டை மாட்டினது?”

அத்தான் தலையைச் சொறிந்தார். “நாந்தான் மாப்ள.”

விஷயம் இதுதான். சில வருடங்களுக்கு முன்னால் கிடங்கில் அடிக்கடி மூட்டைகள் காணாமல் போயின. நாய் வாங்கிக் கட்டினார். ‘இது நாட்டு நாய்தானே அண்ணாச்சி, ஒரு பொறை போட்டா வாலாட்டும்’ என்று சுமை தூக்க வந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாளே அத்தான் பெயிண்டரைக் கூப்பிட்டு அந்தப் பலகையை எழுதி மாட்டிவிட்டார். அதோடு விட்டாரா? ‘மலேசியாவுல இருந்து என் மச்சினன் அனுப்பி வச்ச நாய்’ என்று ஊர் பூராவும் சொல்லிவிட்டார். திருட்டு நின்றுவிட்டது. நாய் வளர வளரக் கதையும் வளர்ந்தது. அப்புறம் டிவியில் பிட்புல் கடித்த செய்திகள், தடை பற்றிய பேச்சுகள் வர ஆரம்பித்தன. அத்தான் எத்தனையோ பேரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். இத்தனை வருடம் நன்றாகச் சொன்ன பொய்யை யார் விடுவார்கள்?

“அப்ப இது பிட்புல் இல்லைன்னு சொல்ல நான் வந்திருக்கேன். அனுப்பினவனே நான்தான்னு ஊரே நம்புது” என்றேன்.

“அதனாலதான் மாப்ள உங்களைக் கூப்பிடச் சொன்னேன். அனுப்பின ஆளே சொன்னா மறுபேச்சு இருக்காதுல்லா” என்றார் அத்தான், ரொம்ப யோசித்துச் செய்த காரியம்போல.

கிடங்கின் உள்முற்றத்தில், நீளக் கம்பியில் ஓடும் சங்கிலியில் சாம்சன் நின்றது. பார்த்ததும் எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. காவி கலந்த செம்மண் நிறம். முகத்தில் கண்வரை கரி பூசினாற்போல் கறுப்பு. நெஞ்சு அகலம், இடுப்பு சிறுத்து, வால் மேலே வளைந்து. அக்கா கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் கிட்டே போய்க் கையை நீட்டினேன். முகர்ந்தது, யோசித்தது, பிறகு பொறுத்துக்கொண்டது. பிரியம் காட்டவில்லை. பொறுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

“இது கோம்பை அக்கா. நல்ல கோம்பை” என்றேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோம்பை என்பது தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள ஓர் ஊர். நாய்க்கும் அதே பெயர். தமிழ்நாட்டு நாய்களில் ராஜபாளையத்தை எல்லோருக்கும் தெரியும். வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாகப் பணக்கார வீட்டு வாசலில் நிற்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லி உடம்போடு முயலைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிப்பவை. கோம்பை இவற்றோடு சேராது. அது மோப்பம் பிடிக்கும், காட்டுப் பன்றியைத் துரத்தி மடக்கும், திரும்பி வந்து தோட்டத்துக்குக் காவலும் இருக்கும். அதனால்தான் இதை வேட்டை நாய் வகையில் வைப்பதா, காவல் நாய் வகையில் வைப்பதா என்று எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து சண்டை போடுகிறோம். மலையடிவாரத்துச் சனங்கள் இந்த வம்புக்குள் வந்ததில்லை. பன்றியை மடக்கிய நாயின் குட்டியை வைத்துக்கொண்டார்கள், மடக்காததை வைத்துக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாக இதைச் செய்ததில் ஓர் இனம் உண்டாகிவிட்டது.

பிட்புல்லின் கதை வேறு. இங்கிலாந்தில் கட்டிப்போட்ட காளையின்மேல் ஏவிவிட்ட நாயையும், எலி பிடிக்கும் டெரியரையும் கலந்து, பிறகு நாய்ச் சண்டைக்கென்றே வளர்த்து, அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். அது ஒற்றை இனத்தின் பெயர்கூடக் கிடையாது. சில இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் சேர்த்துச் சொல்லும் குடும்பப் பெயர். தலை பெரிதாக, தாடை அகலமாக எந்த நாய் வந்தாலும் அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். சாம்சனுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் பந்தமே இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் லூர்தம்மாவைப் பார்த்தேன். கிடங்கு கேட்டை ஒட்டித் தள்ளுவண்டியில் அத்தோ விற்கிறவர். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, மாமியாரிடம் அந்தக் கைப்பக்குவத்தைக் கற்றுக்கொண்டவர். கணவர் இல்லை. நாயை அனுப்பச் சொல்லி முதல் குரல் கொடுத்தவர் இவர்தான் என்று அத்தான் எச்சரித்து அனுப்பினார். நான் எதிராளியைப் பார்க்கப் போவதுபோல் போனேன்.

அத்தோவைப் பார்த்ததும் வந்த வேலை மறந்துவிட்டது. ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பெரிய கிண்ணத்தில் அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள் எல்லாம் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, வலது கையால் பிசைகிறார். கரண்டி கிடையாது. எங்கள் ஊரில் நூடுல்ஸ் வறுக்கும் மீ கோரேங் கடைக்காரர் சட்டியையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு அடிக்கிற கூத்தெல்லாம் இங்கே இல்லை. விரல்கள் மட்டும் வேலை செய்தன. கூடவே வாழைத்தண்டு சூப். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

“நீதான் மலேசியா சாரா? அந்த நாயி நீ அனுப்சதாமே?” என்றார் லூர்தம்மா.

“இல்லீங்கம்மா. நான் அனுப்பவும் இல்லை, அது பிட்புல்லும் இல்லை.”

“அண்ணாச்சியும் இப்ப அப்டித்தான் சொல்லிக்கினு கீறாரு. போர்டு மாட்டச் சொல்லோ இன்னா சொன்னாரு? நா வந்து வண்டி போட்டா கேட்டு வயியா ஒரு உறுமு உறுமும் பாரு, சாப்ட வந்தவன் தட்டோட எகிறிக் குதிக்கிறான். எனக்கு மட்டும் பயம் இல்லியா? தெனம் தெனம் பயந்துகினே பொயப்பு பண்றேன் சார்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் மூன்றாவது தட்டுக்குச் சொல்லிவிட்டு, கோம்பையின் கதையை ஆரம்பத்திலிருந்து எடுத்துவிட்டேன். எலுமிச்சை பிழிந்துகொண்டே கேட்டார். கடைசியில், “கத சூப்பரா சொல்ற சார். ஆனா நாயி எங்கேந்து வந்துச்சுன்னு எவன் பாத்தான்?” என்றார்.

அதைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். மூன்றாம் நாள் அவரைத் தேடி அத்தானும் நானும் எண்ணூர் போனோம். குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவர் சின்னராசு என்ற லாரி டிரைவர், கம்பம் பக்கத்துக்காரர். அப்போது மிளகாய் லோடு அடித்துக்கொண்டிருந்தவர், இப்போது எண்ணூரில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். தண்டையார்பேட்டை தாண்டித் திருவொற்றியூர் வரை பேருந்து ஒழுங்காகப் போனது. அப்புறம் கிளட்ச் போய் நின்றுவிட்டது. ஷேர் ஆட்டோவில் ஏறினோம். முன்சீட்டில் டிரைவர் மடிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு விளிம்பு கிடைத்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் லாரிகள், முகத்தில் தூசி. பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னவென்று அத்தானிடம் கேட்டேன். “அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எண்ணூர் போய்ச் சேரயில கறுப்புச் சட்டைக்காரர் ஆயிருவார்னு சொல்லுதாங்க” என்றார். சொன்னபடியே ஆனது.

அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும் ஒரு லாரி நிறுத்தத்தில் சின்னராசு டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். “எங்க அண்ணன் தோப்புல கெடந்த குட்டிண்ணே அது! அதப் போயி பிட்புல்லுன்னா எழுதி வச்சீக?” போனை எடுத்து, தோப்பில் நிற்கும் தாய் நாயின் படத்தைக் காட்டினார். அதே செம்மண் உடம்பு, அதே கரிமூஞ்சி, பக்கத்தில் சின்னராசுவின் அண்ணன் லுங்கியோடு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நடுவர் வேலையில் இப்படி ஒரு தாய்ப் படம் கிடைப்பது லேசான காரியமா? சின்னராசு வாங்கிக் கொடுத்த பொரித்த நெத்திலியைத் தின்றுகொண்டே, அத்தான் நாளைக்குக் கூட்டவிருந்த தெருக்காரர்கள் முன்னால் என்ன பேசுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

நாலாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், கேட்டுக்கு முன்னால் கூட்டம். லூர்தம்மா, எதிர்வரிசை வீட்டுக்காரர்கள், பட்டறை ஆட்கள், கிடங்கில் மூட்டை தூக்கும் பீகார்ப் பையன்கள். அந்தப் பையன்கள் இந்தியில் பேசிக்கொண்டதை அத்தான் எனக்குச் சொன்னார்: ‘இது மனுசக் கறி தின்னு வளர்ந்த நாயாம், பெரியவர் பொட்டியில வச்சு கப்பல்ல அனுப்புனாராம்.’ பெரியவர் நான்தான்.

அக்கா சாம்சனைக் கழுத்துப்பட்டையோடு வெளியே கூட்டிவந்தாள். கூட்டம் பின்வாங்கியது. கண்காட்சி வட்டத்தில் எப்படிச் செய்வேனோ அப்படியே செய்தேன். முன்னால் போய் நின்று கையை முகரக் கொடுத்தேன். உதட்டைத் தூக்கிப் பல் காட்டினேன். காதை மடித்துக் காட்டினேன், நெஞ்சை அளந்தேன், முதுகு நெடுகத் தடவி வாலைத் தூக்கிப் பிடித்தேன். சாம்சன் அசையவில்லை. அதன் கண் முழுக்க அக்கா முகத்திலேயே இருந்தது. கூட்டம் பார்த்தது என் கையை மட்டும்தான். யாரோ விசிலடித்தார்கள்.

சின்னராசு அனுப்பிய தாய்ப் படம் கைமாறிக் கைமாறிப் போனது. நான் தேனியையும் மலையையும் காட்டுப் பன்றியையும் சொன்னேன். வெள்ளைக்காரனின் காளைச் சண்டையைச் சொன்னேன். எனக்கே நான் நன்றாகப் பேசுவதாகத் தோன்றியது. “பயப்படாதீங்க. இது நம்ம நாய். உங்களை மாதிரி, என்னை மாதிரி” என்றேன். கைதட்டல்கூட வந்தது.

லூர்தம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கடிக்குமா, கடிக்காதா சார்? அத்த மட்டும் சொல்லு.”

“காரணம் இல்லாம கடிக்காதும்மா” என்றேன்.

என்னென்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். வந்த மறுநாளே பார்த்திருக்கிறேன்: அக்கா சோற்றுத் தட்டை வைத்ததும் அத்தான் உட்பட எல்லோரும் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள், அது தின்று முடித்து நகர்ந்த பிறகுதான் தட்டை எடுப்பார்கள். பிடித்ததை விடாத நாயாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த இனம். அதன் வாயருகே கை போனால் என்ன ஆகும் என்பது எனக்குப் புத்தகப் பாடம். ஆனால் கூட்டம் என் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ‘ஆனால்’ என்று ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. பெயரைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல் நின்றேன்.

அத்தான் ஏணி போட்டுப் பலகையைக் கழற்றினார். லூர்தம்மா எனக்கு அத்தோ பிசைந்து கொடுத்து, “சாம்பிராணி நாய்க்கா இத்தினி வருசம் பயந்தேன்!” என்று தன்னையே திட்டிக்கொண்டார். அக்கா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் ஞாயிறு. நாங்கள் மூவரும் காலை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனோம். கிடங்குக்குப் பகலில் மட்டும் வரும் வாட்ச்மேன் எதிரே டீ குடிக்கப் போயிருந்தார். லூர்தம்மா, காசிமேட்டிலிருந்து வந்த மீன் தலைகளை வேகவைத்து, தன் அத்தோ கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு, கேட்டின் சின்னக் கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறார். இத்தனை நாள் திட்டியதற்குப் பரிகாரமாம். சாம்சனுக்கு முன்னால் வைத்தார். அது தின்றது. கடைக்குக் கிண்ணம் வேண்டுமே என்று, அது நக்கிக்கொண்டிருக்கும்போதே குனிந்து எடுத்திருக்கிறார்.

நாங்கள் வந்தபோது தெருவே கேட்டுக்கு முன்னால் நின்றது. வாட்ச்மேன் சாக்கைப் போட்டு அமுக்கித்தான் கையை விடுவித்தாராம். லூர்தம்மாவின் வலது கையில் துணி சுற்றி, துணி முழுக்க ரத்தம். சாம்சன் கம்பியின் கடைசியில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எப்போதும் அக்கா வந்தால் எழுந்து நிற்கும். அன்றைக்கு எழவில்லை.

அரசு ஆஸ்பத்திரி பெஞ்சில் லூர்தம்மாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். சாம்சனுக்கு அக்கா ஊசியெல்லாம் தவறாமல் போட்டிருக்கிறாள். இருந்தாலும் அவருக்கும் ஊசிகள் போட்டார்கள். காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்ட டாக்டர், கட்டைவிரல் பழையபடி மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார். லூர்தம்மா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழவில்லை. “கரண்டி வச்சு கலக்குனா அத்தோ ஆவாதே சார்” என்றார்.

“நான் உங்ககிட்ட சரியாச் சொல்லலைம்மா” என்றேன்.

“நீ இன்னா பண்ணுவ? நீ கைய வச்ச, சும்மா நின்னுச்சு. நானும் அதே கணக்கா வச்சேன்.”

இதற்குமேல் என்னை ஒருவர் திட்ட முடியாது. பிட்புல் என்று நம்பியிருந்த வரைக்கும் அந்தத் தெருவில் ஒருவர்கூடக் கேட்டுக்குள் கால் வைத்ததில்லை. அந்தப் பொய் அசிங்கமான பொய்தான். ஆனால் அது மனுசரையும் காப்பாற்றியது, நாயையும் காப்பாற்றியது. நான் கொண்டுபோன உண்மை பாதி உண்மை. நாய் எங்கே பிறந்தது, யார் வளர்த்தார்கள், எந்த வகையில் வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அந்த நாயோடு மனுசர் எப்படிப் பழக வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்காவின் பிள்ளை அக்காவிடமே இருந்திருக்கும்.

நாயைப் பிடித்துப் போக மாநகராட்சி வண்டிக்குச் சொல்லிவிட்டதாக யாரோ சொன்னார்கள். அத்தான் அதற்கு முன்னால் சின்னராசுவுக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை காலையில், சின்னராசுவுக்குத் தெரிந்த லாரி ஒன்று மிளகாய் இறக்கிவிட்டுக் கம்பத்துக்கு வெறும் வண்டியாகத் திரும்பியது. சாம்சனுக்கு லாரி புதிது இல்லை. ஆட்கள் போன பிறகு அக்கா அவிழ்த்துவிட்டால், நிற்கிற லாரியில் ஏறி இறங்குகிற நாய். பலகை வைத்ததும் தானாகவே ஏறி, கேபினை ஒட்டிப் படுத்துக்கொண்டது. அக்கா கீழே இறங்கி வரவில்லை. மாடி ஜன்னல் கதவு சாத்தியிருந்தது.

“தோப்புல நல்லா இருக்கும் மாப்ள. அது ஊருதான அது” என்றார் அத்தான். அதன் ஊர் இதுதான் அத்தான், இந்தச் சத்தமும் மிளகாய் நெடியும்தான் அதற்குத் தெரிந்த ஊர் என்று சொல்ல வாயெடுத்தேன். திருத்தும் புத்தி எனக்கு அங்கேதான் விட்டுப்போயிற்று.

கிளம்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் கீழே இறங்கினேன். லூர்தம்மாவின் வண்டி வழக்கமான இடத்தில் நின்றது. பிசைந்துகொண்டிருந்தது அக்கா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கை நிறைய மிளகாய்த் தூளும் எண்ணெயுமாக. பக்கத்தில் ஸ்டூலில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு லூர்தம்மா. “இன்னா அண்ணாச்சியம்மா, சப்பாத்தி மாவா பெசயற? வெரல வுட்டுப் பிரிம்மா. எலுமிச்ச இன்னும் கொஞ்சம்” என்று விரட்டிக்கொண்டிருந்தார். இருவரும் இதை எப்போது பேசி முடிவு செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் ஒரு தட்டு வந்தது. உப்பு தூக்கலாக இருந்தது. எப்படியோ தின்றேன்.

அப்போதுதான் வந்து நின்ற ஒரு லாரி டிரைவர் கேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, சத்தத்தையே காணோம்? அந்தப் பிட்புல்லு எங்க?” என்றார்.

“பிட்புல்லு இல்லபா அது” என்றார் லூர்தம்மா. “கோம்பை. தேனிப் பக்கத்து நாயி. பன்னி புடிக்கிற ஜாதி. இந்த சார்தான் மலேசியாலேந்து வந்து சொன்னாரு.”

நான் சொன்ன பாடத்தை ஓர் எழுத்து மாறாமல் சொன்னார். டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கோம்பையா? கேட்டதே இல்லியே. எப்டிப்பட்ட நாயி சார் அது?”

“சொல்லு சார்” என்றார் லூர்தம்மா.

“நல்ல நாய்” என்றேன். “அது சாப்பிடும்போது மட்டும் யாரும் கிட்டப் போகக் கூடாது.”

அக்காவின் கை கிண்ணத்துக்குள் நின்றது. லூர்தம்மா மடியிலிருந்த கையைப் பார்த்துக்கொண்டார். டிரைவர் தலையாட்டிவிட்டு, காரம் கொஞ்சம் கூடப் போடச் சொல்லித் தட்டை நீட்டினார்.